துருத்திக் கயிறு

பலேர்மோ நகரத்துக் கபோச் சந்தையின் கீழ்முனைக்கு வந்த பிறகும் எனக்குப் பின்னால் வந்தவன் வெறுங்காலோடுதான் நடந்துகொண்டிருந்தான். சப்பாத்து இரண்டையும் நாடாவில் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். சந்தை முடிந்துவிட்டது. மீன்கடைக்காரர்கள் குழாய் பிடித்துத் தரையைக் கழுவ, செதிலும் ஐஸ் தண்ணீரும் கல்லுத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. அவன் அதற்குள்ளேயே காலை வைத்து வைத்து வந்தான்.

"சப்பாத்தைப் போடு."

"போடுறன்."

போடவில்லை. அழுதுகொண்டு வந்தான். ஆறடி உயரம், பெட்டி தூக்கித் தூக்கி அகன்ற தோள். அப்படி ஒருவன் பட்டப்பகலில் சத்தமில்லாமல் அழுதபடி நடந்தால் தெரு திரும்பிப் பார்க்கும். பார்த்தது.

மன்னார்க்காரன். போர்கோ வெக்கியோ என்ற பேட்டையில் நாங்கள் இருவரும் நாலு வருடமாக ஒரே அறையில் இருந்தோம். விடியற்காலையில் கபோவில் ஒரு மீன்கடைக்குப் பெட்டி இறக்குவான். பதினொரு மணிக்கு மேல் சும்மா இருப்பான். அந்தக் கடைக்காரர்தான் அவனைக் கண்டு குழாயை நிறுத்தினார்.

"ஏய் மலை! மூஞ்சியைப் பார்த்தால் செத்தவீட்டிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. யார், உன் மாமியாரா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

"என் அண்ணன்," என்றேன் நான்.

அவர் என்னை அப்போதுதான் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்க வேண்டும் என்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, பேச்சை மாற்றவோ என்னவோ, மீன் வெட்டுகிற ஆள் பகேரியா என்ற ஊருக்குப் போய்விட்டான், நாளைக் காலைக்குத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் அனுப்பு என்று மன்னார்க்காரனிடம் சொன்னார். நாங்கள் தலையாட்டிவிட்டு நடந்தோம்.

நாங்கள் அப்போது புறப்பட்டு வந்த இடம் சந்தைக்கு மேலே இருக்கும் ஒரு தேவாலயம். பூச்சு உதிர்ந்த சுவர், கதவுக்கு முன்னால் எப்போதும் ஸ்கூட்டர்கள். உள்ளே, மேல்மாடத்தில், இருநூறு வருடத்துக்கு மேல் பழைய ஓர்கன் ஒன்று இருந்தது. அதற்கு மின்சாரம் கிடையாது. பின்னாலுள்ள சின்ன அறையில் யாராவது ஒருவர் நின்று துருத்தியை இழுத்தால்தான் குழாய்களுக்குக் காற்றுப் போகும். ஒன்றரை வருடமாக அந்த ஆள் நான்.

இதற்கு முன்னால் நான் செய்த வேலைகளை ஒழுங்காகச் சொல்ல எனக்கே வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. ஒரு வேலையில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் காலில் ஏதோ ஊரத் தொடங்கும். கொழும்பில் அச்சகத்தில் கடதாசி அடுக்கினேன். வளைகுடாவில் ஓடு பதித்தேன். இந்த இத்தாலித் தீவின் தெற்கே தக்காளிக் கூடாரங்களில் மூன்று பருவம் கிடந்தேன். பலேர்மோவுக்கு வந்தபின் வீடு துடைத்தேன். துடைத்த வீடுகளில் ஒன்று அந்த ஓர்கன் வாசிக்கும் சிஞ்ஞோராவினுடையது. அறுபதைத் தாண்டிய பெண்மணி, கட்டையாக வெட்டிய நரைமுடி, தனி ஆள். எனக்கு 'நீங்கள்' போட்டுப் பேசிய முதல் வேலைகொடுப்பவர். ஒரு நாள் நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருக்கும்போது, "உங்கள் முதுகு எப்படி?" என்று கேட்டார்.

"முதுகு இருக்கிறது," என்றேன்.

அதுவரை துருத்தி இழுத்த கோயில்காரருக்குக் குடலிறக்கம். வைத்தியர் கயிற்றைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

சிஞ்ஞோரா ஒரு குழுவை நடத்திக்கொண்டிருந்தார். ஒன்பது பேர். பழைய இசையை, அது எழுதப்பட்ட காலத்தில் எந்த வாத்தியத்தில் எப்படி வாசித்திருப்பார்களோ அப்படியே வாசிப்பது என்று பிடிவாதம் பிடித்தவர்கள். இரும்புத் தந்தி கிடையாது, ஆட்டுக்குடலை முறுக்கிய தந்திதான். வில்லைப் பிடிப்பது வேறு மாதிரி. சுருதியும் இன்றைய வாத்தியங்களைவிட இறக்கம். தெற்குக் காற்று அடித்தால் குடல்தந்தி தளர்ந்துவிடும். ஐந்து நிமிடம் வாசித்தால் பத்து நிமிடம் முறுக்குவார்கள். இதை முதல் தடவை அறையில் சொன்னபோது மன்னார்க்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஆட்டுக்குடலிலையோ? மச்சான், எங்கடை தெருமுனையிலை அதை வெங்காயத்தாளிலை சுத்திச் சுட்டுத் தின்னுறாங்கள். நீ அதுக்குக் காத்தடிக்கிறாய்!"

அறைக்குப் போகும் படி ஒடுக்கமானது. தோளைச் சரித்துத்தான் ஏற வேண்டும். மேலே இரண்டு துருத்தி. ஒவ்வொன்றும் இரட்டைக் கதவு அளவு. செம்மறித் தோலால் மடிப்பு. மேலே பாரத்துக்குக் கல். கப்பியில் ஓடும் கயிற்றைக் கீழே இழுத்தால் மேற்பலகை எழும்பும். பிறகு அது தன் பாரத்தில் மெல்ல இறங்கி இறங்கிக் காற்றைக் கொடுக்கும். ஒன்று இறங்கும்போது மற்றதை எழுப்ப வேண்டும். சுவரில் ஒரு நூலில் ஈயக்குண்டு தொங்கும். துருத்தி நிறைய நிறைய அது இறங்கும். சிவப்புக் கோட்டுக்கு வந்தால் போதும், அதற்கு மேல் ஒரு விரல் அகலம்கூட இழுக்கக்கூடாது. தோல் பழையது.

இழுக்கப் பலம் வேண்டியதில்லை. கயிற்றை விடுவதுதான் கடினம். பட்டென்று விட்டால் பலகை காற்றின்மேல் விழுந்து, கீழே வாசிக்கும் சுரம் விக்கல் எடுத்த மாதிரி நடுங்கும். கயிறு கைக்குள்ளால் தானாக மேலே போகும்வரை பிடித்துக்கொண்டே விட வேண்டும். இது கைக்கு வர எனக்கு மூன்று மாதம் எடுத்தது. வந்தபின், பாடுகிறவர்கள் எங்கே மூச்செடுக்கிறார்கள் என்று அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றே எனக்குத் தெரிந்தது. மொழி லத்தீன். என்ன பாடுகிறார்கள் என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

அந்த ஒன்றரை வருடத்தில் எனக்குக் காலில் எதுவும் ஊரவில்லை. இதை நான் அப்போது கவனிக்கவும் இல்லை.

தேவாலயத்துப் பாதிரியார் கெட்டவர் அல்ல. ஆனால் ஒரு மோட்டார் வாங்கிவிட்டார். உடுப்பு மாற்றும் அறையில் அது பெட்டி பிரிக்காமல் இருந்தது. மோட்டார் வைத்தால் ஞாயிறு பூசைக்கு ஆள் தேட வேண்டாம் என்பது அவர் நியாயம். மனுசக் கை கொடுக்கும் காற்று வேறு, மோட்டார் தட்டையாக ஊதும் என்பது சிஞ்ஞோராவின் நியாயம். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். குழு ஒரு பெரிய பாட்டைக் கைத்துருத்தியோடு ஒலிப்பதிவு செய்யட்டும்; அதைக் கேட்ட பிறகும் மோட்டார் வேண்டுமென்று தோன்றினால் பூட்டலாம். நாலு நகரங்களில் இருந்து வருகிற ஒன்பது பேருக்கும் ஒன்றாகக் கிடைத்தது நாலே நாள்தான், வியாழன் முதல் ஞாயிறு வரை. அடுத்த முறை சேர ஒரு வருடமாகும். மோட்டார் ஒரு வருடம் பெட்டிக்குள் இருக்காது.

ஆகவே எல்லாம் அந்த நாலு நாளில் இருந்தது. என்னுடைய வேலையும்தான். சிஞ்ஞோரா எழுதித்தந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் என் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பித்திருந்தேன்.

ஒலிப்பதிவு மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை என்று வைத்தார்கள். அந்த நேரம்தான் கடைகள் இறங்கி, ஸ்கூட்டர்கள் ஓய்ந்து, தெரு சாப்பிட்டுப் படுக்கும். பலகை கிறீச்சிடும் என்று என்னை வெறுங்காலோடு நிற்கச் சொன்னார்கள். இருமல் வந்தால் விழுங்கிவிடு என்றார்கள். நான் ஒரு வாரமாகத் தேன் குடித்தேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை அண்ணி போன் எடுத்தா. ஒன்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் போன்.

"தம்பி, உங்கடை கொண்ணர் போயிட்டார்."

காலையில் கிணற்றடியில் விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் வருமுன் முடிந்துவிட்டது. நாளைக்கே எடுக்கிறார்கள். நான் எந்த விமானம் பிடித்தாலும் சாம்பல் அள்ளும் காடாத்துக்குத்தான் போய்ச் சேர்வேன். அண்ணி வா என்று கேட்கவும் இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் அப்பா செத்தபோதும் நான் போகவில்லை. அப்போது தக்காளிக் கூடாரத்தில் இருந்தேன். முப்பத்தோராம் நாள் முடிய அண்ணன் போன் எடுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்பற்றை துடக்காவது காத்தியோ?"

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுத் துடக்கு, அதாவது தீட்டு, முப்பத்தொரு நாள். கோயிலுக்குள் போகக்கூடாது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வரைக்கும் மச்சம், மீனோ இறைச்சியோ, தொடக்கூடாது. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு இதைவிட வேறு ஒன்றும் செய்ய இல்லை.

"இல்லை," என்றேன். "இஞ்சை கோழிதான் தந்தவங்கள். திண்டிட்டன்."

பொய் சொல்லியிருக்கலாம். பசி என்று விளக்கியிருக்கலாம். நான் இருந்ததைச் சொன்னேன். அவர் போனை வைத்தார். பிறகு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவ்வளவுதான் எங்கள் சண்டை.

இந்த முறை காப்பேன் என்று செவ்வாய்க்கிழமை காலையிலேயே எனக்குள் முடிவாகிவிட்டது. சாமி கும்பிடுகிற ஆளல்ல நான். இருந்தும் காப்பேன். அறையில் இருந்த கருவாட்டைப் பக்கத்து அறைக்காரரிடம் கொடுத்தேன். தலையை மழித்தேன். அப்புறம்தான் வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது.

அன்று மத்தியானம் மன்னார்க்காரனோடு இருந்து கதைத்தேன்.

"அது சேர்ச்தானே. உனக்கென்ன?" என்றான்.

"கோயில் கோயில்தான்."

"எங்கடை கோயிலிலை துடக்கு எண்டு ஒண்டும் இல்லையடா. நாங்கள் பிரேதத்தையே உள்ளுக்கை கொண்டுபோய் நடுவிலை வைக்கிறம்."

"அது உங்களுக்கு. நான் அந்தப் படியிலை துடக்கோடை ஏறேலாது."

அவனுக்கு அது விளங்காமல் இல்லை. இங்கே எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைமேல் இருக்கும் புனிதையிடம் வெறுங்காலோடு ஏறுகிறவர்கள். சைவமோ கிறிஸ்தவ வேதமோ என்று பார்ப்பதில்லை. நேர்த்தி வைத்தால் அவளுக்கும் வைப்பார்கள். துடக்கென்றால் அங்கும் போகமாட்டார்கள். எனக்கு அந்த ஓர்கன் அறையும் அப்படித்தான். ஒன்றரை வருடம் ஒவ்வொரு தடவையும் கயிற்றைத் தொடுமுன் கையைக் கண்ணில் ஒற்றியிருக்கிறேன்.

அவன் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தான்.

"அப்ப நான் போறன்."

"உனக்குத் தெரியாது."

"கரைவலை இழுத்தவனுக்குக் கயிறு பழக்கிறியோ?"

கட்டிற்காலில் துவாயைக் கட்டி அவனுக்குப் பழக்கினேன். புதன்கிழமை முழுக்கப் பழக்கினேன். சிவப்புக் கோடு, ஈயக்குண்டு, விடும் விதம், வெறுங்கால். கெட்டிக்காரன், ஒரு நாளில் நான் மூன்று மாதத்தில் பிடித்ததில் பாதியைப் பிடித்தான். ஆனால் அவன் உடம்புக்கு வேறு ஒரு பாடம் முதலே ஏறியிருந்தது. பாரம் கூடக் கூட வலையை வேகமாக இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் போய்விடும். துவாயில் பாரம் இல்லை. அதனால் அது எனக்குத் தெரியவில்லை.

சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்துக் காய்ச்சல் என்று சொன்னேன். துடக்கை இத்தாலியில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். தொற்றுகிற நோய் மாதிரித்தான் வாயில் வந்தது. காய்ச்சல் சுலபமாக இருந்தது. எனக்குப் பதில் ஒரு நண்பன் வருவான் என்றேன். அவர் அந்த நண்பர் கவனமான ஆளா என்று கேட்டார். ஓம், நல்ல ஆள் என்றேன்.

வியாழன் பின்னேரம் நான் பருப்பு அவித்துக்கொண்டிருக்க அவன் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சந்தோசமாக இருந்தான். பாதிக்கு மேல் பதிவாகிவிட்டது, சிஞ்ஞோரா கையைப் பிடித்து நன்றி சொன்னா என்றான். பிறகு கட்டிலில் இருந்துகொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"மச்சான், அவை என்ன பாட்டுப் படிக்கினம் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"லத்தீன்."

"அது செத்தவைக்குப் படிக்கிற பூசையடா. எங்கடை கோயிலிலை சின்னனிலை கேட்ட சொல்லு ரெண்டொண்டு வந்தது, அதிலை பிடிச்சன். சாவுப் பூசை. முழுக்க அதுதான். தொடங்க முன்னம் எல்லாரும் சுத்தி நிண்டு ஆளுக்கொரு பேர் சொல்லுறவை. தங்கடை வீட்டிலை செத்தவையின்ரை பேர். அந்தக் காலத்திலை அப்பிடித்தானாம். என்னையும் கேட்டவை. நான் அம்மாவின்ரை பேரைச் சொன்னன்."

பருப்பு அடிப்பிடிக்கத் தொடங்கியது. நான் அகப்பையால் கிண்டினேன்.

"நாளைக்கு நீ வா," என்றான். "நான் சொல்லுறன் அவவுக்கு. வந்து கொண்ணற்றை பேரைச் சொல்லு."

"ஏலாது."

"ஏனடா?"

"மூண்டு நாள் காத்திட்டன். இப்ப போனா அதுவும் இல்லை."

அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். சாப்பிட்டுப் படுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு முன்னமே நான் அறையை விட்டுப் புறப்பட்டேன். எங்கே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. ஒன்றரைக்குத் தேவாலயத்துக்கு முன்னால் நின்றேன். பெரிய கதவு சாத்தியிருந்தது. ஒலிப்பதிவு என்று ஒரு கடதாசி ஒட்டியிருந்தார்கள். தெரு ஓய்ந்து, எதிர்மாடியில் யாரோ கோப்பை கழுவுகிற சத்தம் மட்டும். ஸ்கூட்டர்களுக்கு இடையால் போய்க் கதவோரம் நின்றேன். மரத்தில் காதை வைக்கத் தேவையில்லை, கேட்டது.

அதுவரை நான் அந்த இசையை முன்னால் இருந்து கேட்டதே இல்லை. சுவருக்குப் பின்னால் கேட்பது வீட்டுக்காரர் சண்டையைப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்கிற மாதிரி. இங்கே அது முழுசாக வந்தது. முழங்காலுக்குள் இடுக்கி வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம் அடியில் நடந்தது. பாடுகிறவர்கள் மேலே ஒருவர்பின் ஒருவராக நுழைந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே, தரை மாதிரி, ஓர்கன். செத்தவைக்குப் படிப்பது என்று தெரிந்து கேட்டதால் எனக்கு அண்ணன் கிணற்றடியில் கிடக்கிற மாதிரி இருந்ததோ, அல்லது எப்படியும் இருந்திருக்குமோ, தெரியாது. கதவில் கை வைத்தேன். சின்னக் கதவு திறந்துதான் இருந்தது. தள்ளினால் போதும்.

அப்போது தரை அசைந்தது.

வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஓர்கனின் நீண்ட சுரம் ஒன்று மிகச் சிறிதாக மேலே ஏறி இறங்கியது. பாட்டு பெருத்துக்கொண்டு வந்தது. குழாய்கள் கூடத் திறக்கத் திறக்கக் காற்றுக் கூடச் செலவாகும், துருத்தி கெதியாக இறங்கும். கயிற்றில் நிற்கிறவனுக்குப் பாரம் கூடுகிற மாதிரி இருக்கும். அந்த இடத்தில் பயப்படக்கூடாது. அவன் பயந்துவிட்டான். சுரம் திரும்பவும் ஏறியது, இந்த முறை கூடுதலாக. சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. கரையில் நின்று வலை இழுக்கிறான்.

உள்ளே நுழைந்து, இடப்பக்கச் சுவரோடு ஓடி, படியேறினால் அரை நிமிடம். கயிற்றில் அவன் கைக்கு மேல் என் கையை வைத்திருந்தால் போதும். என் கை கதவிலேயே இருந்தது. போ என்று எதுவும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் நின்றேன்.

தோல் கிழிந்த சத்தம் கதவு வரை வரவில்லை. ஓர்கன் ஒரு மூச்சு மாதிரிச் சரிந்து, ஒவ்வொரு குழாயாக, பெரியது முதலில், சின்னது கடைசியாக, நின்றது. பாடிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் ஒரு அடி பாடினார்கள், காற்றில்லாமல், பிறகு அவர்களும்.

சிஞ்ஞோரா சின்னக் கதவால் வெளியே வந்தது எவ்வளவு நேரத்துக்குப் பிறகு என்று நினைவில்லை. கையில் போன். துருத்தி திருத்துகிறவரை அழைக்க வந்தவர் என்று நினைக்கிறேன். என்னைக் கண்டு நின்றார். என் மொட்டைத் தலையைப் பார்த்தார்.

"காய்ச்சல் எப்படி?"

"காய்ச்சல் இல்லை, சிஞ்ஞோரா. என் அண்ணன் செத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை."

அவர் போனைக் கீழே இறக்கினார்.

"ஏன் சொல்லவில்லை?"

சொன்னேன். எனக்கு வந்த இத்தாலியில், முப்பத்தொரு நாள், கோயில், மச்சம், அப்பாவின் சாவு, கோழி, எல்லாவற்றையும். அவர் இடையில் மறிக்காமல் கேட்டார்.

"அப்படியென்றால் நீங்கள் இந்த வாசலைத் தாண்டக்கூடாது," என்றார்.

"ஓம்."

"நாங்கள் என்ன வாசிக்கிறோம் என்று..."

"நேற்றுத் தெரிந்தது."

"நேற்றுத் தெரிந்துமா?"

உள்ளே மன்னார்க்காரன் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிற குரல் கேட்டது. மன்னிப்புக் கேட்கிற அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

மடிப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்விட்டது என்றார். புதுத்தோல் ஒட்டிக் காய ஒரு மாதம். ஒற்றைத் துருத்தியால் எதையும் தொடர்ந்து வாசிக்க முடியாது. ஆட்கள் நாளைக்கே விமானத்தை மாற்றிக்கொண்டு போகலாம். கோபம் இல்லாமல், கடைக்குப் போய் வாங்க வேண்டியதைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். பாதிரியார் திங்கட்கிழமை மின்வேலைக்காரரை வரச்சொல்வார் என்றும் சொன்னார். அவர் சொன்னபடியே அது நடந்தது. மோட்டார் இப்போதும் ஓடுகிறது. அந்தப் பக்கம் போனவர்கள் சொல்லக் கேள்வி.

"என்னால் உங்கள் ஒப்பந்தத்தை வைத்திருக்க முடியாது," என்றார். "வீடு துடைக்க இரண்டு நாள் வாருங்கள். அது போதாது என்று தெரியும்."

"தெரியும்."

திரும்பப் போகிறவர், கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அவருடைய பெயர் என்ன?"

சொன்னேன். எங்கள் பெயர்கள் அவர்களின் வாயில் உடைந்துதான் வரும். அவர் மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் அம்மா கூப்பிடுகிற மாதிரியே வந்தது. பிறகு உள்ளே போனார். என்னை உள்ளே வரச்சொல்லவில்லை. நானும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மன்னார்க்காரன் சப்பாத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

மீன்கடைக்காரரைக் கடந்து நடந்தோம். பொலிதேயாமாச் சதுக்கம் தாண்டி, போர்கோ வெக்கியோவுக்குள் நுழைந்து, எங்கள் தெருமுனையில் குடல் சுடுகிறவர் கரி மூட்டிக்கொண்டிருந்த இடத்தில்தான் அவன் வாய் திறந்தான்.

"நீ உள்ளுக்கை வந்திருந்தா, மச்சான்..."

"ஓம்."

"நான் பாரத்தைப் பாத்துப் பயந்திட்டன்."

"தெரியும். கேட்டது."

அவன் என்னை ஏசியிருக்கலாம். குந்தியிருந்து சப்பாத்தைப் போட்டான்.

அறைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் அண்ணி போன் எடுத்தா. காடாத்து முடிந்ததாம். சாம்பலைக் கீரிமலையில் கரைத்ததாம். மகன்தான் எல்லாம் செய்தானாம். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டா.

"தம்பி, நீங்கள் அங்கை... துடக்குக் காக்கிறியளோ?"

"ஓம் அண்ணி."

"கோயிலுக்கு?"

"போகேல்லை."

"மச்சம்?"

"தொடேல்லை."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அவர் இதைக் கேட்டிருக்க வேணும்," என்றா. "அப்பற்றை காரியத்துக்குப் பிறகு எத்தினை தரம் போனைக் கையிலை எடுத்தவர் எண்டு எனக்குத்தான் தெரியும். எடுத்து, நம்பரைப் பாத்திட்டு வைச்சிடுவார்."

நான் ஓம் என்றேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. அண்ணன் செத்து ஐந்தாம் நாள். எட்டுச் செலவுக்கு இன்னும் மூன்று நாள். வாடகை நாளும் பெர்மெஸ்ஸோவும் எட்டுக்குக் காத்திராது. மன்னார்க்காரன் வழமைபோல் விடியுமுன் போய்விட்டான். நான் வெளிச்சம் வந்தபின் கபோவுக்குப் போனேன். மேல்வழியால் போகாமல் சுற்றிப் போனேன். பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டு கையில் இருந்த பெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைக்காரர் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"மீன் வெட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கே பழகினாய்?"

"ஊரில். அண்ணனிடம்."

அவர் ரப்பர் ஏப்ரனைத் தூக்கிப் போட்டார். மேசையில் மத்திமீன் குவிந்திருந்தது, ஐஸ் இன்னும் உருகாமல். ஏப்ரனைப் பின்னால் முடிந்துகொண்டு, கத்தியை வாங்கி, முதல் மீனைக் கையில் எடுத்தேன்.